ஹோண்டுராஸ் மிஷன் பயணம்: ஆளை அனுப்புவதா, காசை அனுப்புவதா?

டெக்சாஸ்_தேவா:
எங்கள் சபையிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் ஹோண்டுராஸுக்கு ஒரு குழு ஒரு வாரம் போய் வரும். பாதிப் பேருக்கு மருத்துவ முகாம், மீதிப் பேருக்குக் கட்டட வேலை. இந்த வருடம் பதினொன்றாவது படிக்கிற என் மகன், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். விமானம், தங்குமிடம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு இரண்டாயிரம் டாலருக்கு மேல். சொந்தபந்தங்களுக்கெல்லாம் கடிதம் எழுதி அவனே திரட்ட வேண்டுமாம். வீட்டில் ஒரு பல்பு மாற்றத் தெரியாது, அங்கே போய்ச் சுவர் கட்டப் போகிறான்.

இருபது பேருடைய செலவை அப்படியே அந்த ஊர்ச் சபைக்கு அனுப்பிவிட்டால் என்ன என்று கூட்டத்தில் கேட்டேன். இயேசுவின் காலில் ஊற்றிய தைலத்தை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யார் தெரியுமா, யூதாஸ், என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். கேள்விக்குப் பதில் மட்டும் வரவில்லை. இங்கே யாராவது சொல்லுங்கள்.

ஸ்டெல்லா_நர்ஸ்:
தேவா அண்ணா, நானும் டெக்சாஸ்தான், வேறு சபை. இன்டிபுக்கா மாகாணத்து மலைக்கிராமங்களுக்குப் போகிற குழுவில் பல வருடமாக இருக்கிறேன், அதனால் வக்காலத்து வாங்குகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன தடவை காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிற ஒருவர் வந்தார். குடலிறக்கம். பழைய பெல்ட்டைத் துணி சுற்றி இடுப்புக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்த நிலையிலேயே நூறு பவுண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பெல்ட்டை அவிழ்த்தபோது தோல் கன்றிப் போயிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆபரேஷன் தேதி தள்ளிக்கொண்டே போகிறது, ஏனென்றால் குடல் இறங்கிய இடத்தை அடைக்க உள்ளே வைக்கிற வலை இல்லை, சில நாள் மயக்க மருந்தே இல்லை. நாங்கள் வலையும் மருந்தும் கொண்டு போனோம், கத்தி பிடித்தது அந்த ஊர் சர்ஜன், எங்கள் டாக்டர் கூட நின்றார். காசை மட்டும் அனுப்பியிருந்தால் அந்த வலை அவர் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொன்று, அந்தக் காசே வந்திருக்காது. உங்கள் மகன் போகிறான் என்பதற்காகத்தான் உங்கள் மச்சான் நூறு டாலர் கொடுப்பார். ஹோண்டுராஸுக்கு என்றால் கொடுப்பாரா?

கொத்தனார்_மகன்:
சகோதரி சொன்ன ஆபரேஷன் கதையில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை சுவரோடுதான். எங்கள் அப்பா பாளையங்கோட்டையில் கொத்தனார், நான் ஷார்ஜாவில் சைட் பார்க்கிறேன். விடுமுறைக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் கையில் கரண்டியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், கேளுங்கள். முதல் மூன்று வரி நன்றாக இருக்கும், ஏனென்றால் எல்லோரும் பயந்து பயந்து வைப்பார்கள். நாலாவது வரியில் பேச்சும் செல்ஃபியும் வரும். கலவை வெயிலில் இறுகிவிடும், அதில் தண்ணீரை ஊற்றி மறுபடி கிளறுவார்கள், அதோடு போயிற்று அதன் வலு. தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க யாருக்கும் நினைவிருக்காது. சாயங்காலம் பஸ் ஏறியதும் அந்த ஊர்க் கொத்தனார் வந்து, சத்தமில்லாமல் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டுவார். அவருக்கு இரண்டு கூலி கிடைத்தால் நல்லதுதான், கொடுக்கிறார்களா?

ஹோண்டுராஸ் என்று சொன்னதால் இதையும் சொல்கிறேன். 1998-இல் மிட்ச் புயல் அங்கே அடித்தது. மத்திய அமெரிக்கா முழுக்கப் பதினோராயிரம் பேருக்கு மேல் போனார்கள், அதிலும் ஹோண்டுராஸுக்குத்தான் பெரிய அடி. பிறகு வட அமெரிக்கச் சபைகள் கூட்டம் கூட்டமாக வீடு கட்டப் போயின. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர், அவரும் கிறிஸ்தவக் கல்லூரிக்காரர்தான், ஹோண்டுராஸிலேயே குடியிருந்தவர், அந்த வீடுகளைப் பற்றி ஓர் ஆய்வு செய்தார். வீடு ஒன்றின் விலை இரண்டாயிரம் டாலர் அளவில், குழு வந்துபோன செலவு முப்பதாயிரம் அளவில். வெளிநாட்டுக் குழு கட்டிய வீட்டில் இருந்த குடும்பத்துக்கும் உள்ளூர் அமைப்பு கட்டிய வீட்டில் இருந்த குடும்பத்துக்கும் பெரிய வித்தியாசம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. போய்வந்தவர்கள் வாழ்க்கை மாறிவிட்டது என்று எழுதிக்கொடுத்தார்கள், ஆனால் பிறகு அவர்கள் போட்ட காணிக்கை அப்படி ஒன்றும் ஏறவில்லை. ஆகவே 'போனால் கொடுப்பார்கள்' என்கிற கணக்கும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

ஸ்டெல்லா_நர்ஸ்:
அண்ணே, நீங்கள் சொல்கிற ஆய்வு 2006 வாக்கில் வந்தது. அதைப் படித்துவிட்டுத் திருந்திய குழுக்களும் உண்டு. நாங்கள் இப்போது வீடே கட்டுவதில்லை. தரைக்குச் சிமெண்ட் போடுவது, சுவருக்குப் பூச்சு, புகைபோக்கி வைத்த அடுப்பு, அவ்வளவுதான்.

ஏன் பூச்சு என்று கேட்பீர்கள். அங்கே மண்சுவர் வெடிப்பில் ஒரு மூட்டைப்பூச்சி மாதிரி பெரிய பூச்சி இருக்கும், சிஞ்சே பிகூடா என்பார்கள். ராத்திரி வந்து முகத்தில் கடிக்கும், கடித்த இடத்திலேயே மலம் கழிக்கும், சொறியும்போது கிருமி உள்ளே போகும். சாகஸ் நோய். அப்போது பெரிதாக ஒன்றும் தெரியாது, இருபது முப்பது வருடம் கழித்து இதயம் வீங்கிக்கொண்டு வருவார்கள். அந்த நிலையில் நான் கொடுக்கிற மாத்திரையால் ஆகப்போவது கொஞ்சம்தான். வெடிப்பை அடைத்தால் பூச்சிக்கு ஒளிய இடமில்லை. என்னைக் கேட்டால் எங்கள் முகாமில் உருப்படியான வைத்தியம் அந்தப் பூச்சு வேலைதான்.

கொத்தனார்_மகன்:
அருமையான வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மண்ணைக் குழைத்துச் சுவரில் அப்ப ஹூஸ்டனிலிருந்து ஏன் பறக்க வேண்டும்? அந்த ஊர்ப் பெண்களே காலங்காலமாகப் பூசி வந்த சுவர்தானே அது. ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் ஒரு நாள் கூலியும் போதும்.

ஓடைக்கரை_டாக்டர்:
கொஞ்சம் குறுக்கே வருகிறேன். நான் மிஷன் ஆஸ்பத்திரியில் படித்து, ஒப்பந்தத்துக்காகக் கிராமத்தில் வேலை பார்த்து, பிறகு அங்கேயே தங்கிவிட்டவன். ஆபரேஷன் முகாம் வேறு, மாத்திரை முகாம் வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள். குடலிறக்கம், கண்புரை, உதட்டுப் பிளவு இதெல்லாம் ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் முடிந்த காரியம், அதுவும் பிறகு தையலைப் பார்க்க உள்ளூரில் ஆள் இருந்தால். பிரஷரும் சுகரும் அப்படியா? அறுபது வயதுப் பெண்ணுக்கு 180 பிரஷர் என்று கண்டுபிடித்து, பயமுறுத்தி, முப்பது நாள் ஆம்லோடிபின் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறீர்கள். முப்பத்தொன்றாம் நாள் அவர் யாரிடம் போவார்? அந்த ஊர் சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை இருக்கிறதா என்றாவது முன்பே விசாரித்தீர்களா? அவர் ஏற்கெனவே எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அது உங்கள் சீட்டில் இருக்காது, உங்கள் மாத்திரை அவர்கள் சீட்டில் இருக்காது.

அப்புறம் குழுக்கள் சூட்கேஸில் அடைத்துக்கொண்டு போகிற தான மருந்து. தானமாகக் கொடுக்கிற மருந்துக்கு, போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் மீதம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சாம்பிள் பாட்டில்களைக் கடைசி மாதத்தில் கொண்டுபோய்த் தள்ளுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், கேட்டால் 'இல்லாததற்கு இது மேல்' என்பார்கள்.

இதன் கோரமான எல்லை உகாண்டாவில் நடந்தது. ஜின்ஜாவில் மருத்துவப் படிப்பே இல்லாத ஓர் இளம் அமெரிக்கப் பெண் ஊட்டச்சத்து மையம் நடத்தினார். அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் இறந்தார்கள். தாய்மார் இருவர் வழக்குப் போட்டார்கள், 2020-இல் அந்தப் பெண்ணின் தரப்பு தவறை ஒப்புக்கொள்ளாமலே பணம் கொடுத்து முடித்துக்கொண்டது. அந்தப் பெண் ஒரு வாரம் வந்துபோனவர் அல்ல, அங்கேயே வருடக்கணக்கில் இருந்தவர். ஆகவே 'நாங்கள் நிறைய நாள் தங்குகிறோம்' என்பதும் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஸ்டெல்லா_நர்ஸ்:
டாக்டர், அதையும் இதையும் ஒன்றாகப் போடுவது நியாயமே இல்லை. எங்களோடு வருகிற ஒவ்வொரு மருத்துவரும் அங்குள்ள மருத்துவர் சங்கத்துக்குச் சான்றிதழ் அனுப்பி முன்கூட்டியே அனுமதி வாங்குகிறார். பிரஷர்காரர்கள் பட்டியலை அந்த ஊர் சுகாதார நிலையத்து நர்ஸிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். எல்லாக் கிராமத்திலும் அது நடக்கிறதா என்றால் இல்லை, நர்ஸே இல்லாத கிராமமும் இருக்கிறது. அங்கே போகாமல் இருந்துவிடலாமா, சொல்லுங்கள்.

சும்மா_பார்ப்பவன்:
நான் கிறிஸ்தவன் இல்லை, ஒரே ஒரு சந்தேகம். மருந்து வரிசைக்கு முன்னால் ஜெப வரிசை இருக்குமாமே? ஹோண்டுராஸில் பெரும்பாலோர் ஏற்கெனவே கத்தோலிக்கர் அல்லது பெந்தெகொஸ்தேக்காரர்கள். யாருக்கு யார் சுவிசேஷம் சொல்கிறீர்கள்?

ஸ்டெல்லா_நர்ஸ்:
எங்கள் முகாமில் ஜெபம் கடைசியில், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். உண்மையைச் சொன்னால் அவர்கள்தான் எங்களுக்காக நீளமாக ஜெபம் பண்ணுவார்கள். முன்னால் வைக்கிற குழுக்கள் உண்டு, எனக்கும் அது பிடிக்காது.

மானிப்பாய்_மைந்தன்:
டொரன்டோவிலிருந்து எழுதுகிறேன். எங்கட ஊர்க்காரருக்கு இந்த விவாதம் பழசு. சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார், மானிப்பாயில் ஆஸ்பத்திரி. தமிழ் படித்தார், தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார், தடித்தடி மருத்துவப் புத்தகங்களைத் தமிழாக்கினார், அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை உருவாக்கிவிட்டு 1873-இல் திரும்பினார். அவர் போன பிறகு முப்பத்தொன்றாம் நாள் பிரச்சினை வரவில்லை, ஏனென்றால் டாக்டர்கள் ஊரிலேயே இருந்தார்கள். இப்படிச் செய்ய முடிந்தால் போங்கள், இல்லையென்றால் ஹோண்டுராஸில் மருத்துவம் படிக்கிற ஒரு ஏழைப் பிள்ளைக்கு அந்தக் காசில் ஃபீஸ் கட்டுங்கள்.

ஸ்டெல்லா_நர்ஸ்:
ஐயா, கிறீனைக் காட்டினால் யாரால் பதில் பேச முடியும்? எனக்கு வருடத்தில் கிடைப்பது சில வார விடுப்பு, வீட்டுக்கடன் இருக்கிறது, மாமியார் இருக்கிறார். வாழ்க்கை முழுவதையும் கொடுக்க முடியாதவர் ஒரு வாரத்தைக் கூடக் கொடுக்கக் கூடாது என்று சட்டமா? கிறீனுக்கும் பாஸ்டனில் உட்கார்ந்து காசு அனுப்பியவர்கள் இருந்தார்கள்.

மானிப்பாய்_மைந்தன்:
அதைத்தானே சொல்கிறேன் பிள்ளை, அவர்கள் பாஸ்டனில் உட்கார்ந்து அனுப்பினார்கள்.

டெக்சாஸ்_தேவா:
நல்ல போடு. எல்லாவற்றையும் மகனுக்குப் படித்துக் காட்டினேன். 'அப்பா, அவர்கள் காசு வேண்டும் என்கிறார்களா, ஆள் வேண்டும் என்கிறார்களா, அந்த ஊரில் யாரையாவது கேட்டீர்களா' என்கிறான். எங்கள் சபையில் விசாரித்தேன், கேட்டதாக யாருக்கும் தெரியவில்லை. அங்குள்ள போதகருக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். ஸ்டெல்லா, அவனுக்குப் பள்ளியில் படித்த ஸ்பானிஷ் ஓரளவு வரும், அது எதற்காவது உதவுமா?

ஸ்டெல்லா_நர்ஸ்:
கட்டாயம் உதவும் அண்ணா. சுவர்ப் பக்கம் விடாதீர்கள், மருந்து மேசையில் போடச் சொல்லுங்கள். எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்ல எங்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை.

ஓடைக்கரை_டாக்டர்:
தயவுசெய்து வேண்டாம். பள்ளி ஸ்பானிஷில் மருந்தளவு சொல்ல வைக்காதீர்கள். அந்த மலையில் காப்பி சீசன் முடிந்து வேலையில்லாமல் இருக்கிற படித்த பிள்ளைகள் யாராவது இருப்பார்கள், நாள் கூலி பேசி மேசையில் உட்கார வையுங்கள், அவர்களுக்குப் பாட்டி எந்த மாத்திரையை எந்த டப்பாவில் போட்டு வைப்பாள் என்பது வரைக்கும் தெரியும். தம்பி போவதென்றால் போகட்டும், மூட்டை தூக்கட்டும்.

கொத்தனார்_மகன்:
மூட்டை தூக்குவதற்கும் அங்கே ஆள் இருக்கிறது, டாக்டர்.