இது அழைப்பா, வேலையில் வந்த சலிப்பா?

கேள்வி – நைட்ஷிப்ட்:
எனக்கு வயது 31. கடலூர் சிப்காட்டில் கெமிக்கல் ஆபரேட்டர். லுத்தரன் சபை. போன லெந்து நாட்களில் (தவக்காலத்தில்) எங்கள் போதகர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டிக்கு ஜெபம் செய்ய என்னை அனுப்பினார்கள். நான் சொன்னது நாலே வரி. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் விடவேயில்லை. கையில் கம்பெனி வாடை அடிக்குமே என்று எனக்கு ஒரே கூச்சம். அன்றிலிருந்து வேலையை விட்டுப் போதகர் ஊழியத்துக்குப் போகலாமா என்று மனசு கிடந்து அடிக்கிறது. ஆனால் அதே மாதம்தான் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவனுக்குப் போனது. அதனால் என் மேலேயே சந்தேகம். கனவு, குரல் எதுவும் வரவில்லை. "நீங்க போதகர் படிப்பு, பி.டி. படிக்கப் போயிட்டா வாடகை யார் கட்டுவா?" என்கிறாள் மனைவி. நியாயம்தானே.

பதில் – புதுவை அக்கா:
நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் வழி வேறு. 25 வயது நிறையாமல் குருப்பட்டம் கிடையாது, கல்யாணமும் கிடையாது. என் அண்ணன் மூன்று வருஷம் செமினரியில் (குருமடத்தில்) இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். இப்போது கணக்கு வாத்தியார். ஊர் ஏதேதோ பேசியது, அவர் கண்டுகொள்ளவில்லை.

பதில் – ஓய்வுபெற்ற போதகர்:
தம்பி, பைபிளில் சிறுவன் சாமுவேலை ஆண்டவர் கூப்பிட்டபோது பையன் மூன்று தடவையும் ஆசாரியர் ஏலியிடம்தான் ஓடினான். கூப்பிடுவது யார் என்று சொன்னது கண் மங்கிப்போன அந்தக் கிழவர். மனசுக்குள் கேட்பது பாதிதான், மீதிப் பாதி சபை கூப்பிடுவது. முறையாக அழைக்கப்படாதவர் சபையில் போதிக்கக் கூடாது என்று நம்ம லுத்தரன் சபையின் விசுவாச அறிக்கையான 1530ஆம் வருஷத்து ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 14ஆம் பிரிவே சொல்கிறது. நம்ம கடலூர்க்காரர், அந்தக் காலத்து லுத்தரன் போதகர் ஆரோனை எடுத்துக்கொள். 1718இல் ஞானஸ்நானம், தரங்கம்பாடியில் குருப்பட்டம் 1733இல். நடுவில் உபதேசியாராக, அதாவது போதகருக்கு உதவியாக வேதம் சொல்லிக்கொடுப்பவராக, நடையோ நடை. சலிப்பு இருந்தால் என்ன? நானே பாதிக்குப் பாதி போதகர் அங்கி மேல் இருந்த ஆசையில் போனவன். வேலையை விடாதே. ஆறு மாதம் அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய் வா. அப்புறம் சபையில் உன்னைப் பிடிக்காத ஒருவரிடம் போய்க் கேள்.

பதில் – போதகர் வீட்டம்மா:
மாற்றல் வந்தால் மூட்டை கட்டுவது நாங்கள்தான். மனைவி சரி என்று சொல்லாமல் விண்ணப்பம் வாங்காதீர்கள்.

நைட்ஷிப்ட்:
நேற்று ஷிப்ட் முடிந்து போனேன் ஐயா. பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார். மகள் காபி கொடுத்தார். ஜெபம் ஒன்றும் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.