செயற்கைக்கோள் ‘நேவிகேஷன்’: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பாலக்கோடு, அறிவியல் ஆசிரியை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகப் பிள்ளைகள் எழுதிய சிறுநூல் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ‘சேட்டிலைட் நேவிகேஷன்’ பற்றிய நான்கு பக்கங்களுக்கு மட்டும் இன்னும் தலைப்பு அமையவில்லை. ‘புவியிடங்காட்டி’ என்று போட்டுவிட்டுப் போகலாம் என்று உடன் பணிபுரிவோர் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். அமைப்பையும் குறிக்கிறது, கையில் இருக்கும் கருவியையும் குறிக்கிறது. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, நம் நாவிக் எல்லாவற்றையும் உள்ளடக்கிய துறைக்கும் அதையே வைத்தால், “நாவிக் என்பது இந்தியாவின் ஜி.பி.எஸ்.” என்று பிள்ளைகள் எழுதுவதை நான் எப்படித் திருத்துவது? துறைக்கு ஒரு சொல்லும் கருவிக்கு ஒரு சொல்லும் கிடைத்தால் போதும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வரைந்து வைத்திருந்த அட்டையில் ‘காட்டி’ என்பதைப் படித்த எட்டாம் வகுப்பு மாணவி, “மிஸ், அது மேல இருந்து நம்மளையே பாத்துக்கினு இருக்குமா?” என்று கேட்டாள். சொல்லால் வந்த ஐயம் என்பதால் சொல்லிலேயே தீர்க்க முடியுமா என்று பார்க்கிறேன்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புள்ள அம்மா, தேடும் பொருள் நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கிறது. வழிக்கு முன்னோர் ஆண்ட சொல் ஆறு; வழியிற் செலுத்துதல் ஆற்றுப்படுத்துதல். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள்தாம். அவற்றுள் மலைபடுகடாம் பாடும் நன்னனது செங்கண்மா, ஊத்தங்கரையைத் தாண்டினால் வரும் இன்றைய செங்கம். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தனுக்கு, எந்த இடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், அங்கே விடியும்வரை தங்கிப் போவது ஏன் நல்லது என்பதுவரை சொல்லி அனுப்புகிறான். இன்றைய கைப்பேசி, “முன்னே வேகத்தடை” என்கிறது. செய்தி ஒன்றுதான். ஆகவே துறைக்கு ‘வானாற்றுப்படை’ என்று வைக்கலாம்.

நம் மண்ணுக்கு இது புதிதும் அன்று. ‘அதியமான் பெருவழி’ என்று பெயர் பொறித்து, நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று தொலைவு காட்டிய கல் தருமபுரிப் பகுதியில் கிடைத்ததுதானே? வழியறியும் கலைக்கு வெளியிலிருந்து சொல் கடன் வாங்க வேண்டிய ஊர் இது அன்று என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஓசூர், மின்னணுப் பொறியாளர்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். சொல்லின் அழகில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அது சுட்டும் பொருள்தான் இடிக்கிறது. ஆற்றுப்படுத்தும் கூத்தன் அந்த வழியில் தானே நடந்து வந்தவன். செயற்கைக்கோளுக்கோ எந்த வழியும் தெரியாது, எதிரே வருபவன் யார் என்பதும் தெரியாது.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. ஒவ்வொன்றும் “நான் இன்ன கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது” என்பதை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அந்த அலை தரைக்கு வந்து சேர ஏறத்தாழ 0.07 நொடி ஆகிறது. எத்தனை காலம் தாழ்ந்து வந்தது என்பதை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் அந்தக் கோள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது கிடைக்கும். இந்தப் பெருக்கலைச் செய்வது நம் கையிலுள்ள கருவி. மூன்று தொலைவுகள் தெரிந்தால் இடம் தெரிந்துவிட வேண்டும். ஆனால் கைப்பேசியில் இருப்பது மலிவான கடிகாரம். அது ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தவறிவிடும். அந்தப் பிசகையும் நான்காவது விடையாகக் கண்டுபிடிக்க நான்காவது கோள் ஒன்று தேவைப்படுகிறது. ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறிப் பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போது நீலப்புள்ளி தண்ணீரை விட்டுக் கரைமேல் ஏறிக் குதிப்பதற்குக் காரணம், அங்கே நமக்குத் தெரிவது வானத்தின் ஒரு கீற்று மட்டும் என்பதும், பாறையில் மோதித் திரும்பும் அலை நெடுவழி சுற்றி வருவதும்தான்.

கடிகாரமே இதன் உயிர் என்பதற்கு இன்னொரு சான்று. ஐன்ஸ்டைனின் சார்பியல்படி, ஈர்ப்பு குறைந்த உயரத்தில் அந்தக் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 45 மைக்ரோநொடி விரைகின்றன. வேகமாகச் சுற்றுவதால் 7 மைக்ரோநொடி பிந்துகின்றன. மிஞ்சும் 38 மைக்ரோநொடியைத் திருத்தாமல் விட்டால் பிழை ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்கு வளரும். பாலக்கோட்டுப் பள்ளி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

ஆகவே மாணவி கேட்டதற்கு விடை: பார்க்காது. பார்க்க அதற்குக் கண்ணும் இல்லை, கேட்கக் காதும் இல்லை. ஓசூர்க் காட்டு யானைக்குக் கழுத்துப்பட்டை கட்டுகிறார்களே, அதிலுள்ள கருவி தன் இடத்தைத் தானே கணக்கிட்டு, பிறகு வேறொரு தொடர்பு வழியாக வனத்துறைக்கு அனுப்புகிறது. அந்த இரண்டாம் வேலைதான் கண்காணிப்பு. அதற்கும் இந்தக் கோள்களுக்கும் தொடர்பில்லை. என் பரிந்துரை: துறைக்கு ‘செயற்கைக்கோள்வழி இடமறிதல்’, கருவிக்கு ‘இடமறிகருவி’. அறிவது நாம், அதைச் சொல்லில் மறைக்க வேண்டாம்.

போச்சம்பள்ளி, நில அளவையர்

பொறியாளர் ஐயா சொன்னது சரி. மாந்தோப்பு எல்லையை அளக்கப் போகும்போது கைப்பேசியை நம்ப முடியாது. திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும். வரப்பு ஒரு முழம் நகர்ந்தாலும் அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து. அதனால் ஏற்கெனவே இடம் தெரிந்த ஒரு புள்ளியில் ஒரு கருவியை நிறுத்திவிட்டு, இன்னொன்றைக் கோலில் மாட்டிக்கொண்டு, கோலிலுள்ள குமிழி நடுவில் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நிலைக்கருவிக்கு வரும் பிழையை நடைக்கருவியில் கழித்தால் சென்டிமீட்டர் கணக்கில் கிடைக்கிறது. இதில் வழியும் இல்லை, பயணமும் இல்லை. எல்லைக்கல்லுக்கு எதற்கு ஆற்றுப்படை? ‘இடம்’ என்ற சொல் தலைப்பில் கட்டாயம் வேண்டும்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, நீங்கள் சொன்னதைக் கேட்டபின் என் கருத்தைப் பாதி மாற்றிக்கொண்டேன். வழி சொல்லாது, நேரத்தை மட்டும் உரக்கச் சொல்லும் என்றால், அப்படிச் சொல்பவர்கள் நம் பாசறையில் முன்பே இருக்கிறார்கள். முல்லைப்பாட்டில், பொழுதை அளந்தறியும் பொய்யா மாக்கள் குறுநீர்க் கன்னல் என்னும் நீர்க்கடிகாரத்தைப் பார்த்து, கழிந்த பொழுதை அரசனுக்கு அறிவிக்கிறார்களே, உங்கள் அணுக்கடிகாரக் கோள் அந்த நாழிகைக் கணக்கரன்றி வேறு யார்? ஆகவே அந்தச் செயற்கைக்கோளுக்குக் ‘கன்னற்கோள்’ என்றும் துறைக்குக் ‘கன்னலியல்’ என்றும் பெயரிடலாம்.

புவி வடசொல் என்பதை யாரும் இதுவரை எடுத்துச்சொல்லாதது வியப்பு. நாவிக் என்பதையும் வடமொழி நாவிகனோடு சேர்த்துப் பேசுகிறார்கள். நாவாய் என்ற நம் சொல்லே அதற்கு வேர் என்பது என் துணிபு.

ஓசூர், மின்னணுப் பொறியாளர்

ஐயா, நாவாய்க்கும் நாவிகனுக்கும் ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகிவிடாது. அதை வேறொரு நாள் பேசுவோம். புவியை நீக்கி நிலத்தை வைத்தால் ‘நிலவிடங்காட்டி’ என்று புணரும். பிள்ளைகள் அதை நிலவு இருக்கும் இடத்தைக் காட்டுவது என்று பிரிப்பார்கள். கன்னல் பற்றி ஒரே ஒரு விண்ணப்பம்: அச்சொல்லுக்குக் கரும்பு என்றும் பொருள் உண்டு, பாலக்கோட்டில் இருப்பது சர்க்கரை ஆலை.

கிருஷ்ணகிரி, மொழிபெயர்ப்பாளர்

மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் ஊரில் சேலம் சாலையும் சென்னைச் சாலையும் பிரியும் இடத்துக்கு அருகே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மாங்காய் ஏற்றி வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், கண்ணாடிக்குக் கீழே ரப்பர் வளையத்தில் மாட்டியிருந்த கைப்பேசியைக் கழற்றி, கூழ் ஆலைக்காரரிடம், “லொகேஷன் போட்டு வுடுங்க சார், மேப் வெச்சு வந்துடறேன்” என்றார். அவர் மகனும் அரசுப் பள்ளியில்தான் படிப்பான். அவன் வீட்டுக்குக் கொண்டுபோகும் சிறுநூலில் ‘வானாற்றுப்படை’ என்று இருந்தால், அவர் அதைக் காவிரியில் போகும் படகுப்படை என்று நினைத்தால் குற்றம் அவருடையதா? ஆற்றுப்படுத்துதல் என்ற சொல்லையும் உளவியலார் மனநல ஆலோசனைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

புலவர் ஐயா காட்டிய காதக்கல்லையே நானும் காட்டுகிறேன். அதில் 29 என்பது எண்ணாக மட்டும் இல்லை. பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் வெட்டியிருக்கிறார்கள். எழுத்தறியாதவரும் தடவி எண்ணிக்கொள்ளட்டும் என்றே குழிகள் என்பார்கள். பெருவழியில் போகிறவனுக்கு விளங்க வேண்டும் என்று அன்றே நினைத்திருக்கிறார்கள்.

இலங்கைத் தமிழர் வழங்கும் ‘செய்மதி’ எனக்கு மிகவும் பிடித்த சொல். இரண்டே எழுத்துக் கூடுதலான மதி. ஆனால் நம் பாடநூல் செயற்கைக்கோள் என்று பழக்கிவிட்டது. ‘காட்டி’யையும் குற்றம் சொல்லாதீர்கள். திசைகாட்டி நம்மைப் பார்க்கிறதா? நாட்காட்டி பார்க்கிறதா? மாணவியைக் குழப்பியது ‘காட்டி’ அன்று. அட்டையில் செயற்கைக்கோளுக்கு இரண்டு கண் வரைந்தவர்கள்தாம் என்று சந்தேகிக்கிறேன்.

பாலக்கோடு, அறிவியல் ஆசிரியை

கண் வரைந்தது உண்மைதான், அழித்துவிட்டோம்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நாவிக்குக்கு மட்டும் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கட்டும். திட்டப்படி அதற்கு 7 கோள்கள். நற்றிணை, கைதொழு மரபின் எழுமீன் என்கிறது. நம் அமைப்பு ‘எழுமீன்’.

ஓசூர், மின்னணுப் பொறியாளர்

அழகான பெயர்தான், ஐயா, ஆனால் சீனர்கள் முந்திக்கொண்டார்கள். அவர்களின் செயற்கைக்கோள் அமைப்பான பெய்தோவின் பெயரே அந்த ஏழு விண்மீன்களுக்கு உரியது. மேலும் 2016இல் நாவிக்குக்குச் சூட்டிய பெயரை நாம் மாற்ற முடியாது. ஊர்ப்பெயர் போல அப்படியே எழுத வேண்டியதுதான். 7 என்ற எண்ணையும் நம்ப வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பொருத்திய அணுக்கடிகாரங்கள் சில செயலிழந்ததால் அக்கோள்கள் இடமறியப் பயன்படாமற் போயின. 2023 மே மாதம் ஏவிய என்.வி.எஸ்.-01இல்தான் இந்தியாவில் செய்த ருபிடியம் கடிகாரம் முதன்முதலாகச் சென்றது. கோள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்க, மணி சொல்ல மறந்ததால் மட்டும் அது பயனற்றுப்போனது என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள், அம்மா. முடிந்தால் ‘இடமறிதல்’ என்றும்.

பாலக்கோடு, அறிவியல் ஆசிரியை

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். தனி மடல்களையும் சேர்த்து எண்ணியதில், அம்மடல்களில் வந்த ‘செயற்கைக்கோள் வழிகாட்டல்’ என்பதற்கு ஏழு பேரும் ‘இடமறிதல்’ என்பதற்கு நான்கு பேரும் இருக்கிறீர்கள். அந்த எழுவரில் மூவர், “ஏதோ ஒன்றைப் போடுங்கள்” என்றே எழுதியிருக்கிறார்கள். ஆகவே தலைப்பு ‘செயற்கைக்கோள் வழிகாட்டல்’, கருவிக்குப் புவியை விடுத்து ‘இடங்காட்டி’, ஜி.பி.எஸ்., நாவிக் முதலியவை அந்தந்த அமைப்பின் பெயர்களாக அப்படியே நிற்கும். நில அளவையர் ஐயாவுக்காக, முதல் பத்தியில் ‘இடமறிதல் முதற்படி, வழிகாட்டல் அதன்மேல் அமைந்த இரண்டாம் படி’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, முடிவை ஏற்கிறேன். மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆற்றுப்படை மனநல ஆலோசனைக்குப் போய்விட்டது என்று தள்ளினீர்கள். பிளஸ் டூ மாணவரை உட்காரவைத்து எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று சொல்வதற்கு உங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் என்ன பெயர் எழுதியிருக்கிறது? உயர்கல்வி வழிகாட்டல். அது மட்டும் எப்படித் தப்பியது? சிறுநூலில் ஒரு படி எனக்கு அனுப்பிவையுங்கள், ஒற்றுப்பிழை திருத்தித் தருகிறேன்.