ஐஎல்ஆர் (யூகேல நிரந்தரமா தங்கற அனுமதி) வாங்கினப்புறம் வீட்டம்மா, குழந்தை விசாவுக்கு என்ன பாடுபட்டீங்க? (யூகே) அனுபவம் சொல்லுங்க

ரெடிங்_ஒண்டிக்கட்டை:
கல்யாணம் 2023 நவம்பர், எனக்கு ஐஎல்ஆர் வந்தது 2024 பிப்ரவரி. நடுவுல மூணு மாசம் ஸ்கில்டு வொர்க்கர்ங்கற வேலை விசாவுலதான் இருந்தேன், அப்பவே அவளுக்கு டிபென்டன்ட் விசா (கூட வர்ற குடும்பத்துக்கு) போட்டிருந்தா வருமான வரம்பும் இல்ல இங்கிலீஷ் டெஸ்டும் இல்ல, நான்தான் ஐஎல்ஆர் வரட்டும் கெத்தா கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன். வந்த அன்னைக்கே அந்தக் கதவு சாத்திருச்சு, இனிமே ஸ்பவுஸ் விசா மட்டும்தான். சரி அதையாவது உடனே போட்டேனா, அதுவும் இல்ல. அப்போ அதுக்குக் காட்ட வேண்டிய வருஷ வருமானம் 18,600 பவுண்டு, என் சம்பளம் 27,800. சீக்கிரமே 29,000 ஆகப்போகுதுன்னு டிசம்பர்லயே நியூஸ்ல வந்துச்சு, படிச்சேன், இவ வேலையில நோட்டீஸ் பீரியட் முடியட்டும்னு விட்டேன். ஏப்ரல் 11 அன்னைக்கு மாறிருச்சு. 1,200 பவுண்டு குறையுது அவ்ளோதான்! ஊர்ல அவ வாங்கற சம்பளத்தயும் சேத்துக்க முடியாது.

அப்புறம் இன்க்ரிமென்ட் வந்து, புது சம்பளத்துல ஆறு பேஸ்லிப் சேத்து, போட்டது 2025 ஏப்ரல் கடைசில. அதுக்குள்ள குழந்தை ஊர்லயே பொறந்து எட்டு மாசம். ஃபீஸ் தலைக்கு 1,938, ஹெல்த் சர்சார்ஜ் (அரசு மருத்துவத்துக்கு முன்னாடியே கட்டற காசு) அவளுக்கு 3,105, குழந்தைக்கு 2,328, மொத்தம் 9,309 பவுண்டு.

இதெல்லாம் கூட மறந்துடுவேன். சென்னை விசா சென்டர்ல குழந்தைக்கு போட்டோ எடுக்கணும், அஞ்சு வயசுக்குள்ள கைரேகை கிடையாது போட்டோ மட்டும்தான், அவன் கேமராவ பாக்காம ஏசியவே பாக்கறான். அங்க இருந்த அம்மா சாவிக்கொத்த ஆட்டிக்கிட்டே, ஃபைல ஒரு பார்வ பாத்துட்டு, "அப்பா அங்க செட்டில்டுன்னு போட்டிருக்கு, அப்போ குழந்தை பிரிட்டிஷ் இல்லியா சார்?"னு சாதாரணமா கேட்டாங்க. இல்லீங்க, அங்க பொறந்திருந்தா பிரிட்டிஷ், இங்க பொறந்ததால இல்லன்னு சொன்னேன். சொல்லும்போதே என் பொண்டாட்டி திரும்பி என்னைப் பாத்தா. அந்தப் பார்வைதான். இன்னும் டிசிஷன் வரல. உங்க கதைய சொல்லுங்க.

மூணுநாள்_அம்மா:
அண்ணா உங்களுக்காவது மாசக்கணக்கு, எனக்கு மூணு நாள்.

நான் டிபென்டன்ட்ல கூடவே இருந்தேன். அவருக்கு அஞ்சு வருஷம் முடிஞ்சு ஐஎல்ஆர் போட்டாரு, சீக்கிரம் முடிவு வர்ற சூப்பர் ப்ரயாரிட்டி ஆயிரம் பவுண்டு, எதுக்கு தண்டம், டெலிவரிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கேன்னு சாதாரணமா போட்டோம். பாப்பா 36 வாரத்துலயே வந்துட்டா. மூணாம் நாள் வார்டுல, நான் பால் குடுத்துட்டிருக்கேன், இவர் பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து ஃபோன பாத்துட்டு "வந்துருச்சு"ன்னாரு, சிரிச்சாரு, ஒரு நிமிஷம் கழிச்சு சிரிப்பு போயிருச்சு. மெயில்ல இருக்கற தேதிய பாக்கறாரு, பாப்பா கால்ல கட்டியிருந்த பட்டையில இருக்கற தேதிய பாக்கறாரு.

அப்ளை பண்ண தேதி செல்லாது, கிடைச்ச தேதிதான். பாப்பா பொறக்கும்போதே பிரிட்டிஷ் ஆகணும்னா அன்னைக்கு அப்பா அம்மா ஒருத்தருக்காவது ஐஎல்ஆர் இருக்கணும். இல்லன்னா எம்என்1 ஃபார்ம் போட்டு பிரிட்டிஷ்னு ரிஜிஸ்டர் பண்ணணும், அப்போ அதுக்கு 1,214 பவுண்டு. மிச்சம் புடிச்ச ஆயிரம் எங்க போச்சு பாருங்க. அது வர்ற வரைக்கும் பாப்பாக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடையாது, இந்தியன் பாஸ்போர்ட் எடுத்து ஊருக்குப் போனா திரும்பி வர குழந்தைக்கு விசா வேணும். அதனால போகவே இல்ல. என் தங்கச்சி கல்யாணம் வீடியோ கால்ல பாத்தேன், தாலி கட்டற நேரத்துல நெட் நின்னுருச்சு.

ஈஸ்ட்ஹாம்_யாழ்:
தம்பி 29,000 எண்டு கவலைப்படுறீர், வரம்பைத் தாண்டின ஆளுக்கும் விசா மறுப்பினம், என்ர கதை அதுதான்.

2022. மனுசி யாழ்ப்பாணத்தில, பிள்ளைக்கு ஒன்பது மாசம். நான் நல்ல சம்பளத்தில புது வேலைக்கு மாறி நாலு மாசம், அந்தப் புழுகத்தில போட்டுட்டன். வருமானம் காட்ட வகை வகையாப் பிரிச்சிருக்கினம், ஒரே இடத்தில ஆறு மாசம் வேலை செய்திருந்தால்தான் கேட்டகரி ஏ. இல்லாட்டி பி, அதில போன 12 மாசத்தில உண்மையா உழைச்ச மொத்தமும் கணக்கைத் தாண்ட வேணும். எனக்கு ரெண்டு வேலைக்கும் நடுவில ஆறு மாசம் வேலையே இல்லை. என்ர லோயர் பிரச்சினை இல்லை எண்டவர், நான் நம்பினன். காசு குடுத்து நம்பினன் எண்டது வேற கதை.

கவர் வந்த நேரம் மனுசி வீடியோவில எடுத்தவ. பாஸ்போட்டைத் திறக்க முதல் கடுதாசியைத்தான் கண்டவ, நாலு பக்கம். விசா குடுக்கிறதெண்டா நாலு பக்கம் எழுதமாட்டினம்தானே. பிள்ளை அந்தக் கடுதாசியைப் பிடிச்சு இழுக்குது, இவ பறிக்கவுமில்லை, பேசாமல் விட்டுட்டா. சர்சார்ஜ் காசு திரும்பி வந்தது, ஃபீஸ் போனது போனதுதான்.

இன்னும் ஏழு மாசம் பொறுத்து திருப்பிப் போட்டு வந்து சேர்ந்தவை. 2024 ஏப்ரலுக்கு முதல் இந்த விசாவில வந்தபடியால் எங்களுக்கு எக்ஸ்டென்ஷனுக்கும் பழைய கணக்குத்தான், பிள்ளையோட சேர்த்து 22,400. அது ஒண்டுதான் ஆறுதல்.

சும்மா_சொன்னேன்:
எனக்கு 2017ல ஒரே தடவையில வந்துச்சு, பிரச்சனையே இல்ல. நீங்க எல்லாரும் பிளான் பண்ணாம போட்டுட்டு புலம்பறீங்கன்னுதான் எனக்குத் தோணுது, தப்பா எடுத்துக்காதீங்க. ரெடிங் ப்ரோ, நீங்க ஒரு வருஷம் வெயிட் பண்ணிருக்கவே வேணாம், சேவிங்ஸ் வழி இருக்கே, 88,500 பவுண்டு ஆறு மாசம் அக்கவுண்ட்ல இருந்தா சம்பளமே காட்ட வேணாம், கொஞ்சம்தான் குறையுதுன்னா அந்தக் கொறைய ரெண்டரையால பெருக்கி, அதோட 16,000 சேத்து காட்டினா போதும், உங்க 1,200க்கு 19,000 ஆவும். அப்பா குடுத்தாலும் கிஃப்ட்டுன்னு லெட்டர் வாங்கிக்கலாம், ஆனா பணம் ஆறு மாசம் உங்க பேர்ல கிடக்கணும். அடுத்தது வீடு. யாரும் அதப் பத்தி பேசவே இல்ல. ஷேரிங் வீட்ல ஒரு ரூம்ல இருந்துட்டு ஸ்பவுஸ் விசா போட்டா, அந்த ரூம் உங்களுக்கு மட்டும்னு வீட்டு ஓனர்கிட்ட லெட்டர் வாங்கிக்கோங்க, நெரிசல் கணக்குல ஒரு வயசுக்குள்ள குழந்தைய எண்ண மாட்டாங்க, ஒண்ணுலேந்து பத்து வயசுக்குள்ள அரை ஆள். அதனால குழந்தைக்கு ஒரு வயசு ஆகறதுக்குள்ள போடறது நல்லது. பேங்க் ஸ்டேட்மென்ட் கடைசி தேதி, அப்ளை பண்ற நாளுக்கு 28 நாளுக்குள்ள இருக்கணும். பேஸ்லிப்ல இருக்கற நெட் தொகையும் பேங்க்ல விழுந்த தொகையும் பென்ஸு வரைக்கும் ஒத்துப்போகணும். டீபி டெஸ்ட் ஆறு மாசம்தான் செல்லும், முன்னாடியே எடுத்து வச்சுட்டு உக்காராதீங்க. அப்புறம் குழந்தைக்குன்னு வருமானத்துல 3,800 கூட காட்டணும், அத மறந்துடாதீங்க. ரொம்ப அவசரம்னா விசிட் விசாவுல வரவச்சு இங்கயே மாத்திக்கலாம், என் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு பண்ணிருக்கான்.

நைட்டு_ஷிப்ட்_நர்ஸ்:
சும்மா சொன்னேன் அண்ணா, நீங்க பேருக்கேத்த மாதிரியே சொல்றீங்க. விசிட் விசாவுல வந்து ஸ்பவுஸ் விசாவுக்கு இங்க மாத்த முடியாது, ரூல்லயே இல்ல, யாராவது படிச்சுட்டு டிக்கெட் போட்டுறப் போறாங்க. 3,800ம் பழைய கத, 29,000க்கு ஏத்தினப்பவே குழந்தைக்கான தனித் தொகைய எடுத்துட்டாங்க.

என் கேஸ் தலைகீழு. நான்தான் செட்டில்ட், வீட்டுக்காரர் நாகர்கோவில்ல. லீவுக்குப் போயிட்டு வந்தேன், மகன் இங்க பொறந்தான், எனக்கு ஐஎல்ஆர் இருந்ததால பொறக்கும்போதே பிரிட்டிஷ். மெட்டர்னிட்டி லீவுல சம்பளம் கொறஞ்சுதா, இப்ப போட்டா வருமானம் பத்தாதுன்னு நெனச்சு, வேலைக்குத் திரும்பி ஆறு பேஸ்லிப் வரட்டும்னு உக்காந்திருந்தேன். லீவுக்கு முந்தின ஆறு மாச பேஸ்லிப்பயே காட்டலாம்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. மெட்டர்னிட்டி லீவுக்குன்னே எழுதி வச்சிருக்காங்க. எங்கூட அதே வார்டுல வேலை பாக்கற பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, நான் கேக்கல அவ சொல்லல.

நைட் ஷிப்ட்ட வச்சுக்கிட்டு கைக்குழந்தைய தனியா பாக்க முடியாம அம்மாகிட்ட விடப் போனேன். ஓசிஐ (வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கற இந்திய வம்சாவளிக்குக் குடுக்கற கார்டு) வரல, அதனால அவனுக்கு டூரிஸ்ட் விசா. திருவனந்தபுரத்துல இறங்கி லைன்ல நிக்கோம், என் பாஸ்போர்ட்ல டப்புனு சீல் வச்சாரு, அவன் பாஸ்போர்ட்ட எடுத்துட்டு "பர்ப்பஸ் ஆஃப் விசிட்?"னாரு. ஏழு மாசக் குழந்தை, தோள்ல எச்சி வடிச்சுட்டு தூங்கிட்டிருக்கான். நான் "பாட்டிய பாக்க"ன்னேன். அவரும் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன், வெளிய அவங்க அப்பா நிக்காரு, மகன மொத தடவ பாக்கப் போறாரு. அப்பாவ பாக்கன்னு ஏன் என் வாய்ல வரல? இத மட்டும் இன்னிக்கு வரைக்கும் அவர்ட்ட சொல்லல, இங்க எழுதறேன் பாருங்க.

சும்மா_சொன்னேன்:
சிஸ்டர் நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். 3,800 எங்க காலத்துல இருந்துச்சு. சேவிங்ஸ் கணக்கு மட்டும் நான் சொன்னது கரெக்ட், வேணும்னா போட்டுப் பாருங்க.

ஈஸ்ட்ஹாம்_யாழ்:
கணக்கு சரிதான் ஐயா. 19,000 பவுண்டை ஆறு மாசம் தொடாமல் வைக்கக்கூடியவன் நைட் வேலைக்கு ஏன் போறான் எண்டு கேக்கிறன்.

மூணுநாள்_அம்மா:
நர்ஸ் அக்கா, மகன் இப்ப எங்க?

நைட்டு_ஷிப்ட்_நர்ஸ்:
இங்கதாம்மா, அப்பாவும் வந்தாச்சு. அவருக்கு இன்ஜினியரிங் இங்கிலீஷ் மீடியம்தான், டிகிரிய விசா ஆபீஸ்ல ஒத்துக்கறதுக்கு தனியா சான்றிதழ் வாங்கணும், அதுக்கு ஏ1 இங்கிலீஷ் டெஸ்டே எழுதிடலாம்னு எழுதிட்டு வந்தாரு. நான் டூட்டி முடிஞ்சு வந்தா மகன் அவர்ட்ட இருந்து என்கிட்ட வரமாட்டேங்கான்.

ரெடிங்_ஒண்டிக்கட்டை:
மெட்டர்னிட்டி மேட்டர் யாருக்காவது உதவும், நன்றிக்கா. 19,000 ப்ரோ, எங்கிட்ட 1,900 கூட இல்ல, ஃபீஸுக்கே ரெண்டு பேர்ட்ட கடன்.

ஒரு டவுட். இவன் விசா இவங்கம்மா விசாவோடதான் ஓடும், 33 மாசம், அப்புறம் எக்ஸ்டென்ஷன்னு புரியுது. நான் சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டுட்டா அடுத்த குழந்தை எங்க பொறந்தாலும் பிரிட்டிஷ்தானே? இத அவகிட்ட கேட்டேன், ஃபோன வச்சுட்டா.