மூடியில் 250, உள்ளே வேறு: பழைய செயின்சா வாங்கியவர்கள் அனுபவம்

ஒடுகத்தூர் தோப்புக்காரன்:
போன ஐப்பசியில் அணைக்கட்டுப் பக்கம் மரம் வெட்டும் ஒரு பெரியவரிடம் ஸ்டில் கம்பெனியின் 250 மாடல் செயின்சா (மரம் அறுக்கும் மெஷின்) ஒன்றை ஒன்பதாயிரத்துக்கு வாங்கினேன். "வர்தா புயலின்போது புதிதாக எடுத்தது தம்பி, எஞ்சினில் யாரும் கை வைத்ததில்லை" என்றார். இரண்டு மாதம் ஒழுங்காக வேலிகாத்தான் அறுத்தது. மார்கழியில் இழுவை போய்விட்டது. கயிற்றை இழுத்தால் எதிர்ப்பே இல்லை. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தால் பிஸ்டன் முழுக்கக் கோடு.

250 என்றால் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 42.5 மி.மீ. அந்த அளவில் பிஸ்டன் செட் வரவழைத்தேன். இந்த மாடலில் சிலிண்டரை மட்டும் தனியாகத் தூக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். எஞ்சினையே பிளாஸ்டிக் உடம்பிலிருந்து இறக்கி அடித்தட்டைப் பிரிக்க வேண்டும். ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. சிலிண்டரில் ஒட்டியிருந்ததைத் துடைத்துவிட்டுப் புதுப் பிஸ்டனை வைத்தேன். உள்ளே இறங்கவில்லை. சொம்பின் வாயில் தட்டு வைத்ததுபோல மேலேயே உட்கார்ந்துகொண்டது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன், 40. அது 230-இன் சிலிண்டர்.

பிரித்தபோதே அடித்தட்டின் ஓரத்தில் சாம்பல் நிறச் சிலிக்கான் பிதுங்கியிருந்தது. அழுக்கு என்று துடைத்துப் போட்டேன். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் அந்தப் பெரியவர் முகத்தை இப்போது இத்தனை முறை நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

குடியாத்தம் சவுக்கு:
எனக்கு நேர்ந்தது 180-இல். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பிஸ்டன் பின் 10 மி.மீ. என்று சொல்லிக் கொடுத்தார்கள், என் மெஷினில் கனெக்டிங் ராடின் துளை 8. கடைக்காரர் "சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், போய்விடும்" என்றார். எட்டுக்குள் பத்து எப்படி ஐயா போகும்?

வாலாஜா பட்டறை:
தோப்புக்காரரே, சிலிக்கானைச் சாட்சியாக வைக்காதீர்கள். அந்த எஞ்சினில் சிலிண்டருக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் கேஸ்கெட்டே கிடையாது. கம்பெனியிலிருந்து வரும்போதே பசை போட்டுத்தான் மூடியிருப்பார்கள். பிதுங்கியிருந்தால் பிரித்தவன் அதிகமாக வைத்துவிட்டான் என்று சந்தேகப்படலாம், அவ்வளவுதான். அடியில் உள்ள நட்சத்திரத் தலைத் திருகுகளைப் பார்த்தீர்களா? பல் தேய்ந்திருந்தால் அதுதான் சாட்சி.

இன்னொன்று. 40 என்றதும் 230 என்று எப்படித் தீர்ப்பு எழுதினீர்கள்? 210-க்கும் போர் 40தான். ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) வேறு: 210-இல் 28 மி.மீ., 230-இல் 32. போரில் பாதியை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 3.14-ஆலும் ஸ்ட்ரோக்காலும் பெருக்குங்கள். 20 × 20 × 3.14 × 32 போட்டு ஆயிரத்தால் வகுத்தால் 40.2 சிசி வரும். 28 போட்டால் 35.2. உங்கள் 250-க்கு 45.4 வர வேண்டும். 210, 230, 250 மூன்றுக்கும் ஸ்டில் பாக எண் 1123 என்றுதான் தொடங்கும். அந்த நான்கு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "சரியான சாமான்" என்று பணம் கொடுத்தவர்கள் என் பட்டறைக்கே எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அடுத்து வரும் 020 சிலிண்டர், பிஸ்டன் தொகுதியைக் காட்டும். கடைசி நான்கு எண்தான் எந்த சிலிண்டர் என்று சொல்லும். வார்ப்பில் இருக்கும் எண்ணும் டப்பாவில் இருக்கும் எண்ணும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்கலாம். பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை மேலே கொண்டுவந்து, துளை வழியாக வெளிச்சம் அடித்தால் பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறியும், செய்தவர் முத்திரை இருந்து கரி மூடாமல் இருந்தால் அதுவும் தெரியும். மாலே (ஜெர்மன் பிஸ்டன் கம்பெனி) என்று இருந்தால் நல்லது. வெறும் அம்பு மட்டும் இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பெரியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சைலன்சரின் இரண்டு நட்டைக் கழற்ற ஐந்து நிமிடம் போதும்.

ஆற்காடு மணல்மேடு:
அம்பு என்றதும் என் வயிறு கலங்குகிறது. அது எக்ஸாஸ்ட் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று தெரியாமல் திருப்பி மாட்டினேன். முதல் இழுப்பிலேயே கிளம்பியது, மகிழ்ந்தேன். பத்து நிமிடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு நின்றது. பிஸ்டன் ரிங்கின் வாய் (இரு முனையும் சந்திக்கும் இடைவெளி) எக்ஸாஸ்ட் துவாரத்தில் மாட்டி உடைந்திருக்கிறது. ரிங் சுற்றாமல் பிடிக்க ஊசி இருக்கிறதே, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்குத்தான் அந்த அம்பு. எனக்கு யாரும் சொல்லவில்லை.

சோளிங்கர் மலையடி:
நான் எழுதுவது 381 பற்றி, புளியமரம் சாய்க்க வாங்கியது. 52 மி.மீ. போர், 72.2 சிசி. கஜா புயலின்போது டெல்டாவில் ஓடிக் களைத்த மெஷின் என்று பின்னால்தான் தெரிந்தது. சிலிண்டரில் கீறல். பைக்குக்குச் செய்வதுபோல் போர் அடித்துக்கொள்ளலாம் (உள்சுவரைக் கடைந்து பெரிதாக்கலாம்) என்று லேத்துக்குக் கொண்டுபோனேன். லேத்துக்காரர் பழக்கமானவர், புல்லட் சிலிண்டர் எத்தனையோ அடித்தவர். முதல் சுற்று முடிந்ததும் ஊதிவிட்டு என்னிடம் நீட்டினார். உள்சுவரில் கண்ணாடி மாதிரி இருந்த பளபளப்பு போய், சமையல் பாத்திரம்போல வெளுத்த அலுமினியம். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பைக்கில் இரும்பு ஸ்லீவ், இதில் அலுமினியத்தின்மேல் நிக்கல் பூச்சு, தாள் கனம்கூட இருக்காது. அதைச் சுரண்டினால் சிலிண்டர் போயிற்று. இதற்கு ஓவர்சைஸ் பிஸ்டனும் கிடையாது. அவர் கூலி வாங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

குடியாத்தம் சவுக்கு:
ஆசிட் போட்டிருந்தால் ஒட்டிய அலுமினியம் மட்டும் கரைந்திருக்கும், கீறல் மேலோட்டமாக இருந்தால் சிலிண்டர் தப்பியிருக்கும்.

சோளிங்கர் மலையடி:
தெரியும் தம்பி, இப்போது தெரியும்.

வாலாஜா பட்டறை:
ஆசிட் என்று பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். பூச்சு ஏற்கெனவே பெயர்ந்த இடத்திலும், துவாரத்தின் ஓரத்திலும் பட்டால் சிலிண்டரையே தின்னும். பஞ்சில் தொட்டு ஒட்டல்மேல் மட்டும் வைக்க வேண்டும், நுரை அடங்கியதும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். வாசலில் வைத்துச் செய்யுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ஒடுகத்தூர் தோப்புக்காரன்:
பட்டறைக்காரர் சொன்னபடி ஸ்ட்ரோக் அளந்தேன். 32. ஆக 230தான். திருகுகளில் இரண்டின் பல் போயிருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். 40 அளவில் பிஸ்டன் வாங்கிப் போட்டேன், ஓடுகிறது.

பெரியவரைத் தேடிப் போனேன். சண்டைக்குத்தான் போனேன். "எனக்கு விற்றவனும் 250 என்றுதான் சொன்னான்" என்று மோரை நீட்டினார். அப்படியானால் வர்தாவின்போது புதிதாக எடுத்தது யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு பையன் வாங்க வந்தான். மூடியில்தான் 250, உள்ளே 230 என்று பழைய பிஸ்டனையும் கையில் கொடுத்துச் சொன்னேன். ஆயிரத்து ஐந்நூறு குறைத்தான், சரி என்றேன். மூடியில் இருந்த எண்ணைச் சுரண்டிவிட்டுத் தருகிறேன் என்று கத்தியை எடுத்தபோதுதான் பதறினான்.

"அண்ணா, அது அப்படியே இருக்கட்டும்."