ஒரே வேலைக்கான உள்ளாட்சி: எட்டாம் வகுப்புக்கு எப்படிச் சொல்வது?

வணக்கம் தோழர்களே. உள்ளாட்சிப் பாடத்தில் ஊராட்சி, நகராட்சியோடு நின்றுவிடுகிறோம். ஒரே ஒரு பணிக்கென அமைந்த அமைப்புகளையும் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. சென்னையில் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் 1978 சட்டப்படி தனி வாரியம்; நெதர்லாந்தில் வெள்ளத்தடுப்புக்கு 21 நீர் வாரியங்கள், அவற்றுக்குத் தனித் தேர்தல், தனி வரி!

எங்கள் பிள்ளைகளுக்கு நெருக்கமானது பாசன சபைதான், அதாவது பாசன நீரைப் பயன்படுத்தும் விவசாயிகளின் சங்கம். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆயக்கட்டு (அந்தப் பாசன நீர் பாயும் பரப்பு) நிலக்காரர்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். "எங்களுக்கு நிலமில்லையே சார், அப்பாவுக்கு ஓட்டு உண்டா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்க நினைக்கிறேன்.

வகுப்பில் மாதிரித் தேர்தல் நடத்தியவர்கள் உண்டா? பழைய தேர்தல் அறிவிப்பு, மடை முறைப் பட்டியல் (யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்ற பட்டியல்) இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். பாசன சபைத் தலைவராக இருந்த விவசாயி யாராவது அரைமணி நேரம் பேச வந்தால் பெரிய உதவி.