மிளகாய் பூக்க 6500 கெல்வின் எல்இடி போதுமா, 3000-க்கு மாற்றவா?

வணக்கம். எதிரே பெரிய கட்டடம் மறைப்பதால் எங்கள் ஃபிளாட் பால்கனியில் வெயிலே விழுவதில்லை, அதனால் ஹாலில் ஒரு ரேக்கில் எல்இடி டியூப் மாட்டி மிளகாய் வளர்க்கிறேன். மேலே இருப்பது 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்), 20 வாட் டியூப் இரண்டு. பெட்டியில் கூல் டேலைட் என்று போட்டிருக்குமே, அதுதான். நாற்றுக்கு அருமையாக இருந்தது. நீல ஒளி அதிகம் என்பதால் தண்டு நெடுநெடுவென ஓடாமல் கணு நெருக்கமாக வந்தது.

இப்போது கிளை பிரியும் இடங்களில் மொட்டு வைத்திருக்கிறது, ஆனால் பல மொட்டுகள் காம்பு மஞ்சளாகி, தொட்டாலே உதிர்ந்துவிடுகின்றன. பூக்கும் பருவத்துக்குச் சிவப்பு ஒளி கூடுதலாக உள்ள 2700, 3000 கெல்வின் வார்ம் ஒயிட்தான் சரி என்கிறார்கள். முழுக்க மாற்றவா, ஒன்று கூல், ஒன்று வார்ம் என்று கலந்து போடவா?

எனக்கென்னவோ நிறத்தைவிட ஒளியின் அளவுதான் குறைகிறதோ என்று படுகிறது. கெல்வின் நிறத்தை மட்டும்தான் சொல்லும், லூமன் மனிதக் கண்ணுக்கான வெளிச்சக் கணக்கு, இலையில் எவ்வளவு விழுகிறது என்று இரண்டிலும் தெரியாது. மிளகாயோ செவ்வந்தி மாதிரி நீண்ட இரவுக்குக் காத்திருந்து பூக்கிற செடியும் இல்லை, அதனால் தினமும் 14 மணி நேரம் எரியவிடுகிறேன். டியூபுக்கும் நுனி இலைக்கும் ஓர் அடி இடைவெளி.

வீட்டுக்குள் எல்இடியிலேயே காய் பறித்தவர்கள் யாராவது இருந்தால் எத்தனை வாட், எந்த கெல்வின், எவ்வளவு உயரம் என்று சொல்லுங்கள். 4000 கெல்வின் ஒன்றையே முதலிலிருந்து கடைசிவரை வைத்தவர்கள் அனுபவமும் வேண்டும். அப்புறம், காற்று இல்லாத அறையில் பூவை விரலால் தட்டிவிட்டாலே காய் பிடிக்குமா?