ஸ்டூடன்ட்ஸ வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புறதுல ஒரு உதவி வேணும்

வணக்கம் நண்பர்களே, நான் ஒரு யுனிவர்சிட்டில ஸ்டடி அப்ராட் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். எக்ஸ்சேஞ்ச் சீட் இருந்தும் வருஷா வருஷம் பாதி காலியாவே போகுது, மனசு கேக்கவே மாட்டேங்குது. ஆர்வம் இல்லன்னு சொல்லிட முடியாதுங்க, இன்ஃபர்மேஷன் மீட்டிங்ல உக்கார இடம் இருக்காது, அப்ளிகேஷன்னு வரும்போது தான் ஆளக் காணோம்.

போன வாரம் ஒரு பொண்ணு ஃபார்ம முழுசா ஃபில் பண்ணி எடுத்துட்டு வந்துச்சு, டிபார்ட்மென்ட் கையெழுத்து போடுற இடம் மட்டும் காலி. அங்க படிக்கிற பேப்பருக்கு இங்க கிரெடிட் கிடைக்குமான்னு யாருமே உறுதியா சொல்லலியாம், ஒரு செமஸ்டர் வீணாயிடுமோன்னு பயமா இருக்கு, நான் போகலன்னு சொல்லுச்சு. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல.

1987ல ஆரம்பிச்ச எராஸ்மஸ்ங்கிற ஐரோப்பிய ஸ்டூடன்ட் எக்ஸ்சேஞ்ச் திட்டத்துல இப்பல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடியே ஸ்டூடன்ட், அனுப்புற இடம், சேத்துக்குற இடம் மூணு தரப்பும் லேர்னிங் அக்ரிமென்ட்ல (அங்க எந்த பேப்பர் படிக்கணும், அதுக்கு இங்க என்ன கிரெடிட்னு எழுதுற ஒப்பந்தம்) கையெழுத்து போட்டுடுவாங்க, ஒரு முழு வருஷத்துக்கு 60 கிரெடிட்னு பொதுக் கணக்கும் இருக்கு. இந்த மாதிரி உங்க இடத்துல டிபார்ட்மென்ட்டுகள ஒத்துக்க வெச்சிருக்கீங்களா, எப்படி பேசுனீங்க?

பணமும் பிரச்சனை தான், ஸ்காலர்ஷிப் கைக்கு வர்றதுக்குள்ள டிக்கெட், விசா செலவு வந்து நிக்குது, அதுக்கு அட்வான்ஸ் குடுக்க யாராச்சும் வழி பண்ணிருக்கீங்களா? அப்புறம் அங்க போயி தனியா கஷ்டப்படுறவங்க ராத்திரி யாருக்கு போன் பண்ணுவாங்க, அத யாரு பாத்துக்குறீங்க? போய்ட்டு வந்த பசங்களையே துணைக்கு வைக்கலாம்னு ஒரு யோசனை இருக்கு. அனுபவம் இருக்கவங்க கொஞ்சம் விரிவா எழுதுங்க, மாசக் கடைசில டீன்கூட மீட்டிங் இருக்கு.